வெயில்ல நடக்குற காட்டேரி: எங்க ஓடிடி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

உங்களுக்கு நான் எழுதுறது இது நாலாவது தடவை. முதல் மூணையும் உங்க ஆப்புக்குள்ளயே எழுதினேன், அதனால விஷயம் என்னன்னு உங்களுக்கு ஏற்கனவே தெரியும். மூணு தடவையும் வந்தது ஒரே பதில்தான், நெட் ஸ்பீடை செக் பண்ணுங்க, ஆப்பை எடுத்துட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க, அவ்ளோதான், அடுத்த நாளே புகார் முடிஞ்சதுன்னு ஒரு மெசேஜ். 1922-ல வந்த நோஸ்ஃபெராட்டு படத்துல நிறம் காணோம், பாதி படம் காணோம்னு சொன்னா அதுக்கு என் வீட்டு நெட் என்னங்க பண்ணும். அதான் இப்போ நாலு பேர் பாக்குற இடத்துல எழுதுறேன். என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு, அந்தப் படத்தோட சரியான பிரதியைப் போடுங்க.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிடுறேன். அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா, எட்டாவது படிக்கிறா. பேய்ப்படம்னா கத்தணும், தூக்கிப் போடணும்னு மட்டுமே நினைச்சிட்டிருந்த பொண்ணுகிட்ட, நூறு வருஷத்துக்கு முன்னாடி சத்தமே இல்லாம ஒரு படம் எடுத்தாங்க, ரத்தக் காட்டேரி படங்கள்லயே ரொம்பப் பழசுல ஒண்ணு, அதைப் பாருன்னு ரெண்டு நாளா கதை சொல்லி ஏத்திவிட்டிருந்தேன். டிராகுலா நாவல்ல அவன் பகல்லயும் நடமாடுவான், சூரிய வெளிச்சம் பட்டா காட்டேரி அழிஞ்சிரும்ங்கிற விஷயத்தைக் கொண்டு வந்ததே இந்தப் படம்தான், இன்னிக்கு வரைக்கும் நிறைய படத்துல அதுதான் ஓடுது, அதனால ராத்திரி எது பகல் எதுன்னு கவனமா பாருன்னு சொல்லி வச்சிருந்தேன். லைட்டை அணைச்சிட்டு உக்காந்தோம்.

கப்பல் வந்து சேர்ந்ததும் காட்டேரி ஓர்லோக் தன்னோட சவப்பெட்டியைத் தானே கக்கத்துல இடுக்கிட்டு ஊருக்குள்ள நடந்து போற காட்சி வருதுல்ல, அங்க அவ என் கையைத் தட்டி, "மாமா, நல்ல வெயிலடிக்குது, செவுத்துல நிழல்கூட விழுது, வெளிச்சம் பட்டா செத்துருவான்னு சொன்னீங்க?"ன்னு கேட்டா.

நான் என்னங்க பதில் சொல்றது. அவ கேட்டது நூத்துக்கு நூறு சரி. உங்க பிரிண்ட்டுல அது பட்டப்பகல்தான். அந்தக் காலத்து ஃபிலிமுக்கு ராத்திரி வெளிச்சம் பத்தாது, அதனால டைரக்டர் முர்னாவும் கேமராமேன் வாக்னரும் தெருக்காட்சியை எல்லாம் பகல்லயே எடுத்துட்டு, ராத்திரின்னு காட்ட வேண்டிய பகுதிக்கு பிரிண்ட்ல நீலச் சாயம் ஏத்தினாங்க. பகல்னா மஞ்சள், விடியற நேரம்னா இளஞ்சிவப்பு. படம் பாக்க வந்தவங்க நீலத்தைப் பாத்ததும் இது ராத்திரின்னு புரிஞ்சுக்குவாங்க, அது அன்னிக்கு எல்லாருக்கும் பழகின பாஷை. அந்தச் சாயத்தை எடுத்துட்டீங்கன்னா மிஞ்சுறது என்ன? ஒரு மொட்டைத்தலை ஆளு மத்தியான வெயில்ல பெட்டியைத் தூக்கிட்டு அவசரமா எங்கயோ போறாரு, அவ்ளோதான். கடைசியில கோழி கூவி, விடியற வெளிச்சம் ஜன்னல் வழியா வந்து அவன் புகையா கரையுறப்ப, "இவ்ளோ நேரம் வெயில்ல சுத்துனப்ப ஏன் மாமா ஒண்ணும் ஆகல"ன்னு திரும்பக் கேட்டா. படத்தோட உயிரே அந்த ஒரு நிமிஷம். கதாநாயகி எல்லன் தன்னையே குடுத்து அவனை விடியற வரைக்கும் பிடிச்சு வைக்கிறா, அதைப் பாத்து ஒரு பதிமூணு வயசுப் பொண்ணுக்கு நெஞ்சு அடைச்சிருக்கணும், அவளோ ரிமோட்டைத் தேடிட்டிருந்தா.

இதோட நின்னாலும் பரவால்ல. படத்தோட வேகமும் தப்பு. ஒரு செகண்டுக்கு 18 ஃப்ரேம் கணக்குல ஓட வேண்டிய படத்தை 24-ல ஓட்டினா எல்லாரும் தடதடன்னு ஓடுவாங்க. இதுல எனக்கு வயிறு எரியுறது எங்கன்னா, முர்னாவே ஒரு இடத்துல வேணும்னே வேகத்தைக் கூட்டியிருக்காரு, எல்லனோட புருஷன் ஹுட்டரை ஓர்லோக் கோட்டைக்கு ஏத்திட்டுப் போக வர்ற அந்தக் கறுப்பு வண்டி மனுஷங்க உலகத்து வண்டி இல்லன்னு காட்டுறதுக்காக. காடு நெகட்டிவ்ல வெள்ளையா தெரியும். மத்ததெல்லாம் நிதானமா போனாதான் அந்த வண்டி வர்றப்ப முதுகு சில்லுன்னு ஆகும். உங்ககிட்ட சத்திரத்துக்காரம்மாவும் அதே வேகத்துலதான் ஓடுறாங்க.

அப்புறம் டிவி முழுக்க நிரம்பணும்னு மேலயும் கீழயும் வெட்டியிருக்கீங்க. கப்பலோட அடித்தட்டுல பெட்டிக்குள்ளேர்ந்து மரப்பலகை மாதிரி முழங்கால் மடக்காம எழுந்து நிப்பானே, உங்க பிரதியில அவன் முழுசா நிமிர்ந்ததும் தலை வெளிய போயிடுது. ஓர்லோக்கா நடிச்ச மாக்ஸ் ஷ்ரெக்கோட அந்தத் தலைக்காகத்தானே நூறு வருஷமா இந்தப் படத்தைப் பாக்குறாங்க. டைட்டில் கார்டுல ஓர்லோக் பேரு டிராகுலான்னு இருக்கு, அது பழைய அமெரிக்கப் பிரதியில மாத்தின பேரு. நீளம் 63 நிமிஷம். ரெஸ்டோர் பண்ணின பிரதி 94 நிமிஷம் ஓடும்.

அந்தப் பிரதி எங்கேர்ந்து வந்துச்சுன்னும் சொல்லணும். டிராகுலா நாவலுக்கு உரிமை வாங்காம எடுத்த படம் இது, அதை எழுதின பிராம் ஸ்டோக்கரோட மனைவி ஃப்ளாரன்ஸ் கேஸ் போட்டாங்க, 1925-ல எல்லா பிரிண்ட்டையும் அழிக்கச் சொல்லி ஜெர்மன் கோர்ட்டுல தீர்ப்பாச்சு. வெளிநாட்டுக்குப் போயிருந்த பிரிண்ட்டுங்க தப்பிச்சதாலதான் இன்னிக்கு நாம பாக்குறோம். அதுல ஒண்ணு பாரிஸ்ல சினிமாதெக்ங்கிற ஃபிலிம் காப்பகத்துல இருந்த, சாயத்தோட கூடின 1922 பிரிண்ட். அதை அடிப்படையா வச்சு முர்னா பேருல இருக்குற ஜெர்மன் அறக்கட்டளை 2006 வாக்குல படத்தைச் சரிபண்ணிக் குடுத்தாங்க, ஹான்ஸ் எர்ட்மன் இசையோட. இவ்ளோ வேலை யாரோ உக்காந்து செஞ்சு முடிச்சு வச்சிருக்காங்க, நீங்க செய்ய வேண்டியது அதை வாங்கிப் போடுறது மட்டும்தான். காசு ஆகும், தெரியும். இந்த வருஷம் சந்தாவை ஏத்தினப்ப நாங்களும் காசுதான் குடுத்தோம். அதனால கேக்குறேன், சரியான பிரதியைப் போடுங்க.

இந்த ஒரு படத்துக்காக மட்டும் நான் பேசல. எனக்குப் பிடிச்ச காட்டேரி படம் எதை எடுத்தாலும் அது நினைவுல நிக்கிறது பல்லாலயும் ரத்தத்தாலயும் இல்ல, ஏதோ ஒரு சின்ன விஷயத்தால, அந்தச் சின்ன விஷயத்தைத்தான் உங்க மாதிரி இடத்துல முதல்ல தொலைக்கிறாங்க. 1958-ல ஹாமர் கம்பெனி எடுத்த டிராகுலாவுல கடைசியில காட்டேரியை வேட்டையாடுறவரா வர்ற பீட்டர் குஷிங் மேஜை மேல ஓடித் தாவி திரைச்சீலையைக் கிழிச்சு, ரெண்டு மெழுகுவர்த்தித் தண்டைக் குறுக்கா பிடிச்சு சிலுவையாக்கி, டிராகுலாவா வர்ற கிறிஸ்டோஃபர் லீயை வெயிலுக்குள்ள தள்ளுவாரு. லீ உருகிக் கரையுற அந்தக் காட்சியை அன்னிக்கு பிரிட்டிஷ் சென்சார் வெட்டிடுச்சு. வெட்டின துண்டு டோக்கியோ ஃபிலிம் காப்பகத்துல மிஞ்சியிருந்த ரீல்ல கிடைச்சு, 2012-ல திரும்பச் சேர்த்தாங்க, அவர் தன் முகத்தைத் தானே பிய்ச்சுக்கிற மாதிரி வரும், அதைப் பாத்தப்புறம்தான் எனக்கு அந்த ஆள் மேல பரிதாபமே வந்துச்சு. உங்ககிட்ட இருக்குறது வெட்டின பிரதி.

2008-ல வந்த ஸ்வீடன் படம், லெட் தி ரைட் ஒன் இன், ஸ்டாக்ஹோம் பக்கத்துல ப்ளாக்கபர்க்னு ஒரு குடியிருப்புல பனிக்குள்ள நடக்குற கதை. கூப்பிடாம காட்டேரி வீட்டுக்குள்ள வரக்கூடாதுங்கிறது பழைய விதி, வந்தா என்ன ஆகும்னு அதுக்கு முன்னாடி நான் எந்தப் படத்துலயும் பாத்ததில்ல. அந்தப் பையன் ஆஸ்கர் வீம்புக்கு, எலிங்கிற பேருல இருக்குற தன் காட்டேரித் தோழியைக் கூப்பிடாமலே நிக்க, அவ வாசப்படியைத் தாண்டி உள்ள வந்ததும் உடம்பு நடுங்கி, கண்ணு, காது, தலைமுடிக்குள்ளேர்ந்து எல்லாம் ரத்தம் கசியும், பையன் பதறிப்போய் உள்ள வரலாம்னு கத்துவான். ஒரு நட்பை இதைவிட எப்படிக் காட்ட முடியும். அந்தப் படத்துல பேச்சே கம்மி, ஒரு வரி சப்டைட்டில் போனா ஒரு உறவே புரியாம போயிடும். 2009-ல அமெரிக்காவுல டிஸ்க் வந்தப்ப தியேட்டர்ல இருந்த சப்டைட்டிலை மாத்தி மொண்ணையா போட்டுட்டாங்க, ரசிகர்கள் சத்தம் போட்டதும் அந்தக் கம்பெனி பழைய சப்டைட்டிலோட திரும்ப டிஸ்க் போட்டுச்சு. கேட்டா மாத்துறாங்கங்கிறதுக்கு இதைச் சொல்றேன், நீங்களும் மாத்தலாம்.

2025-ல வந்த சின்னர்ஸ்ங்கிற காட்டேரி படத்தை அவ்ளோ பெரிய போஸ்டர் போட்டுக் கொண்டாடினாங்க, 1932 மிசிசிப்பியில அந்த ஆட்டக் கொட்டகை வாசல்ல காட்டேரிங்க நின்னுட்டு உள்ள விடச் சொல்லிக் கேக்குறப்ப தியேட்டரே மூச்சடக்கி உக்காந்திருந்துச்சு. அந்த வாசல், அந்த வெயில், அந்த நிழல் எல்லாம் எந்தப் படங்கள்லேர்ந்து வந்துச்சோ அதையெல்லாம் ஆப்போட அடியில, தேடினாத்தான் கிடைக்குற மூலையில போட்டு வச்சிருக்கீங்க. பழைய படம் பாக்குறவங்க கொஞ்சப் பேருதான், இருக்கட்டும், அந்தக் கொஞ்சப் பேரும் அதே சந்தாதானே கட்டுறோம். எந்தப் பிரதி, எத்தனை நிமிஷம், யார் ரெஸ்டோர் பண்ணினதுன்னு படத்துக்குக் கீழ ஒரு வரி போடுறதுக்கு என்ன செலவாகும்?

கோவத்துல கொஞ்சம் நீட்டிட்டேன், மன்னிச்சுக்குங்க. கேக்குறது ஒண்ணுதான். நோஸ்ஃபெராட்டுவை 94 நிமிஷமும், சாயத்தோட, சரியான வேகத்துல, வெட்டாம போடுங்க. முடியாதுன்னா அந்த 63 நிமிஷத்தையாவது எடுத்துடுங்க, முதல் தடவை பாக்குற பிள்ளைங்க அதைப் பாத்துட்டு இதுதான் படம்னு நினைச்சிட வேணாம். இந்தத் தடவையாவது நெட் ஸ்பீடைப் பத்தி இல்லாம, படத்தைப் பாத்த ஒருத்தர்கிட்டேர்ந்து பதில் வந்தா ரொம்ப நன்றியோட இருப்பேன்.

அக்கா பொண்ணு அரையாண்டு லீவுக்குத் திரும்ப வருவா. இன்னொரு தடவை உக்காந்து பாக்குறேன்னு சொல்லியிருக்கா, ஆனா நீலமா இருந்தாத்தான் பாப்பாளாம். தயவுசெஞ்சு அதுக்குள்ள மாத்திக் குடுங்க.

இப்படிக்கு,
ஆறு வருஷமா சந்தா கட்டுற ஒரு ரசிகன்