சங்கத்து பெரியவங்களே, கோயில் ஹால்ல எங்களுக்கு ஒரு மேசை குடுங்க

தென்னாப்பிரிக்கா டர்பன், ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) தமிழ்ச் சங்கத்து ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் வேலூர் பக்கத்து ஆளு, கிரிட்டிகல் ஸ்கில்ஸ் விசாவுல (இங்க ஆள் பத்தாத வேலைக்கு குடுக்குற விசா) வந்து ஜோபர்க்ல சாஃப்ட்வேர் வேலை பாக்குறேன். டர்பன் பக்கத்து மௌண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் குட் ஃப்ரைடே திருவிழா கூட்டத்துல உங்கள்ல பல பேரு என்னை உக்கார வச்சு சோறு போட்டு எந்த ஊருப்பான்னு கேட்டிருக்கீங்க, அந்த உரிமையில எழுதுறேன். தமிழ் படிக்க வராதவங்களுக்கு யாராவது வாசிச்சு காட்டுங்க.

விஷயம் பி.ஆர். தான் (பாதி பேரு இத குடியுரிமைன்னு சொல்றாங்க, அது வேற, இது நிரந்தரமா தங்குற அனுமதி மட்டும்). அஞ்சு வருஷம் விடாம வேலை விசாவுல இருந்து நிரந்தர வேலைக்கான லெட்டரும் கையில இருந்தா அப்ளை பண்ணலாம்னு 2002 இமிக்ரேஷன் சட்டம் சொல்லுது. படிக்க ஈஸி. ஆனா நான் போட்டப்போ டிகிரிய சாக்வா (படிப்ப சரிபாக்குற இங்கத்து அரசாங்க அமைப்பு) கிட்ட மதிப்பிட்டு வாங்க சொன்னாங்க, மெடிக்கல், எக்ஸ்ரே, அப்புறம் 18 வயசுக்கு மேல எந்தெந்த நாட்டுல ஒரு வருஷமாவது இருந்தோமோ அங்கெல்லாம் போலீஸ் கிளியரன்ஸ், அதுவும் ஆறு மாசத்துக்குள்ள வாங்கினது கேட்டாங்க. எனக்கு இந்தியா, சிங்கப்பூர், இங்க, ஆக மூணு. நான் ஒழுங்கா வாங்கித்தான் குடுத்தேன், ஒரு ஏஜெண்ட் அத எட்டு மாசம் மேசைக்குள்ள போட்டு வச்சிருந்துட்டு தேதி போனதுக்கப்புறம் சப்மிட் பண்ணாரு. ஒரு வருஷம் கழிச்சு ரிஜெக்ட்.

பி.ஆர். போட்டுட்டா இங்க இருந்துக்கலாம்னு வேற நெனச்சிருந்தேன், இல்லையாம், கையில இருக்குற விசாவ தனியா புதுப்பிச்சுக்கிட்டே வரணும், 30 நாளுக்கு மேல ஓவர்ஸ்டே ஆகி வெளிய போனா அஞ்சு வருஷம் திரும்ப வர தடை. அந்த புதுப்பிக்கிற பேப்பர் உள்ள இருந்த நேரத்துல தான் அப்பா தவறிட்டாரு. கையில வெறும் ரசீது, போனா திரும்ப விடுவாங்களான்னு உறுதியா சொல்ல ஒரு ஆளு இல்ல. கொள்ளி வச்சது என் தம்பி, நான் போன்ல பாத்தேன்.

அதனால தான் கேக்குறேன். மாசத்துல ஒரு சனிக்கிழமை கோயில் ஹால்ல ஒரு மேசை. உங்க பிள்ளைங்கள்ல வக்கீல் இருக்காங்க, கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் (நகல்ல, உறுதிமொழி பேப்பர்ல சாட்சி கையெழுத்து போடுறவங்க) இருக்காங்க, அரசாங்க ஆஃபீஸ்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க இருக்காங்க. கேஸ் நடத்த வேணாம், எங்க ஃபைல ஒரு தடவ புரட்டி, தேதி சரியா இருக்கா, எந்த பேப்பர் விட்டுப்போச்சுன்னு சொன்னா போதும், ஏஜெண்ட் கிட்ட பணத்தையும் கொட்டி ஒரிஜினலையும் குடுத்துட்டு வர்ற நம்ம பசங்க தப்பிச்சுக்குவாங்க.

எங்களாலயும் உங்களுக்கு ஒரு உதவி ஆகும். 1860ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து நம்ம ஆளுங்கள முதல்ல கொண்டு வந்ததுலேர்ந்து கூலி ஒப்பந்தத்துல வந்த ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்டு பேரு, அப்பா பேரு, ஜில்லா, ஊருன்னு எழுதி வச்ச கப்பல் லிஸ்ட் இருக்கில்ல, ஓ.சி.ஐ. கார்டுக்காக (இந்திய வம்சாவளிக்கு இந்தியா குடுக்குற கார்டு) அத தேடுறீங்க, ஊரு பேர வெள்ளைக்காரன் எழுதின ஸ்பெல்லிங்ல ஒண்ணும் புரியல. ஜோபர்க் பக்கத்து லெனேசியால ஒரு பாட்டியம்மா காட்டின தாள நான் வாய்விட்டு வாசிச்சேன், எங்க வட ஆற்காடு ஜில்லா ஊரு பேரு அது, அவங்க என் கைய பிடிச்சிட்டு ரொம்ப நேரம் விடல. அதே மேசையில நாங்க அந்த லிஸ்ட்ட படிச்சு சொல்றோம்.

எந்த ஹால்னு மட்டும் சொல்லுங்க. முதல் சனிக்கிழமை நான் காலைல ஒன்பது மணிக்கு வந்துடறேன், கூட நாலு பேர கூட்டிட்டு வர்றேன்.