சித்தப்பா பேசுகிறேன் என்கிறார்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தேங்காய் பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

போன ஞாயிறும் நீ போனுக்கு வரவில்லை. மருமகள்தான் பேசினாள். தூங்குகிறான் என்றாள். தூங்கினால் சரி.

தீயணைக்கப் போட்டுக்கொண்டு போகிற கோட்டை வீட்டுக்குக் கொண்டுவராதே. ஸ்டேஷனிலேயே துவைக்கப் போட்டுவிட்டுக் குளி. அந்த வேலையே புற்றுநோய் வரவழைக்கும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லிவிட்டதாம், அப்பா படித்துக் காட்டினார். காரிலும் போட்டு வைக்காதே.

அமெரிக்காவில் உன்னோடு தங்கியிருந்தபோது ராத்திரி சைரன் ஊதும், உன் பேஜரும் கத்தும். ஷூவை மாட்டியும் மாட்டாமலும் ஓடுவாய். சம்பளமில்லாத வேலைக்கு இந்த ஓட்டமா என்று கேட்டிருக்கிறேன். ஆனால் தவக்கால வெள்ளிக்கிழமை உங்கள் ஸ்டேஷனில் மீன் பொரித்து விற்றுப் பணம் சேர்த்தீர்களே, அன்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு உன்னைப் பற்றிச் சொன்னாள். பாதிதான் புரிந்தது. அதுவே போதுமாயிருந்தது.

1736இல் பிலடெல்பியாவில் பிராங்க்ளின் ஆரம்பித்த தீயணைப்புச் சங்கத்தில் அவரவர் தோல் வாளியும், சாமான் அள்ளப் பையும் வைத்திருக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். நம் தெருவில் கீற்றுக் கொட்டகை பற்றினால் குடமும் ஈரச்சாக்கும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், ஒருவர் கூரை மேலேறிக் கீற்றை அறுத்துத் தள்ளுவார். இப்போது உனக்கு வரும் அழைப்பில் நெருப்பே குறைவு என்கிறாய். மயங்கி விழுந்தவர், சும்மா அலறும் புகை அலாரம், நெடுஞ்சாலை விபத்து. 1970களில் பென்சில்வேனியாவில் 3 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள், இப்போது 40 ஆயிரம்கூட இல்லை என்றாய். ஆள் இல்லாததால்தான் எல்லாவற்றுக்கும் உன்னையே கூப்பிடுகிறார்களோ? ஒரு ராத்திரியாவது இன்னொருவர் போகட்டும்.

அந்த விபத்தைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. மருமகள் வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தவறி வந்துவிட்டது. அவளைக் கடிந்துகொள்ளாதே. காரின் தகட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றாள், சின்னப் பிள்ளை என்றாள், அதற்கு மேல் சொல்லவில்லை.

நீ ஏன் இதில் சேர்ந்தாய் என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். 2004 ஜூலை 16 அன்று நீ ஆறாவது. நம் கும்பகோணத்தில் காசிராமன் தெருப் பக்கம் புகை எழுந்ததும் உன் பள்ளிக்கூடமோ என்று நான் ஓடினேன். சித்தப்பா சைக்கிளைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினார். அந்தப் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். சாயங்காலம் வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து, ஒரு சோப்பு தீரும்வரை கையைக் கழுவினார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்யாண வீட்டில் கோட்டையடுப்புப் புகை வந்தால் பந்தியிலிருந்து எழுந்து போய்விடுவார். நாங்களும் கேட்டால் வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டோம்.

நேற்று அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, "அவனுக்குப் போன் போட்டுக் கொடுங்க அண்ணி, நான் பேசறேன்" என்றார். சாதாரணமாகச் சொல்லவில்லை தம்பி. எனக்குக் கை ஓடவில்லை.

உங்கள் ஸ்டேஷனில் இதற்கென்று கேட்டுப் பேசுகிற ஆள் இருந்தால் அவரிடமும் போ. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கோட்டைத் துவைக்கப் போட மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

ஞாயிறு உனக்குக் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவோம். அப்பாவும் நானும் கடைத்தெருவுக்குப் போய்விடுகிறோம், சித்தப்பா மட்டும் இருப்பார். போனை எடு.

அன்புடன்,
அம்மா