பெகி ஆஷ்கிராஃப்ட்டின் முகத்தை இழுக்காதீர்கள்

பழைய ஆங்கிலப் படங்களைத் திரையிடும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆங்கில நடிகை பெகி ஆஷ்கிராஃப்ட்டின் படவரிசையில் 'தி 39 ஸ்டெப்ஸ்' (1935) படத்தைத் திரை முழுக்க இழுத்துக் காட்டினீர்கள். ஓரங்கள் காலியாகத் தெரிந்தால் அசிங்கம் என்று காரணமும் சொன்னீர்கள். ஓரம் காலியாக இருக்கலாம். முகம் கோணக்கூடாது.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 4:3. உங்கள் திரை 16:9. 16 அடி அகலத் திரையில் படம் 12 அடிதான் நிற்கவேண்டும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி கறுப்பு. அதை 16 அடிக்கு இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். இழுக்காமல் பெரிதாக்கித் திரையை நிரப்பும் 'ஜூம்' வைத்தாலோ மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் போய்விடும்.

இழுத்ததில் எது கெட்டது என்று பாருங்கள். ஆஷ்கிராஃப்ட் அதில் ஸ்காட்லாந்துக் குடியானவரின் மனைவி. வருவது சில நிமிடங்களே. போலீஸ் தேடும் கதாநாயகன் அவர்கள் வீட்டில் தங்க வருகிறான். சாப்பாட்டு மேசையில் கணவர் ஜெபம் சொல்கிறார். அவள் நாளிதழைப் பார்க்கிறாள், வந்திருப்பவன் யார் என்று புரிகிறது. இருவரும் பார்த்துக்கொள்வதைக் கணவர் கண்டு வேறு விதமாகச் சந்தேகப்படுகிறார். அத்தனையும் கண்ணாலேயே நடக்கிறது. அந்தக் கண்களைத்தான் சப்பையாக்கிவிட்டீர்கள்.

அறிமுகக் குறிப்பும் அப்படியே. 77 வயதில் 'எ பேசேஜ் டு இந்தியா'வுக்கு ஆஸ்கர் வாங்கியதோடு முடித்துவிட்டீர்கள். 1930இல் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் நடிகர் பால் ரோப்சனுடன் டெஸ்டிமோனா, 1935இல் லண்டன் நியூ தியேட்டரில் ஜூலியட், எதிரே ரோமியோவாக நடிகர்கள் லாரன்ஸ் ஆலிவியரும் ஜான் கீல்குட்டும் மாறி மாறி. அரை நூற்றாண்டு மேடைக்கு ஒரு வரிகூடவா கிடைக்கவில்லை? அந்த இரவுகளைப் படமெடுத்து வைத்தவர் இல்லை. எழுத்தில்தான் சொல்ல முடியும்.

மேடை நடிப்பு நீளமாகப் பதிவாகியிருப்பது ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களைத் தொகுத்த 'தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்', பிபிசி 1965இல் ஒளிபரப்பியது. இளம் மணப்பெண்ணாக வந்து கிழவியாகச் சபிக்கும் அரசி மார்கரெட்டை மேடையில் அவர் ஏற்றபோது வயது 55. அதுவும் கறுப்பு வெள்ளை, அதுவும் 4:3. அதைத் திரையிடுவதானால் புரொஜெக்டர், பிளேயர் இரண்டிலும் ஆஸ்பெக்ட் ரேஷியோவை, அதாவது அகல-உயர விகித அமைப்பை, பாருங்கள். ஒன்று சரியாக இருந்து மற்றது 'வைட்' என்று கிடந்தாலும் படம் இழுபடும். கதவைத் திறக்குமுன் வட்டமான ஏதாவது வரும் காட்சியை ஓட்டி, திரையில் அந்த வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் டேப்பால் அளந்துவிடுங்கள். இரண்டும் சமமாக இருக்கவேண்டும்.

தயவுசெய்து இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். குறிப்பில் அவருடைய மேடை வேடங்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அன்புடன்,
தங்கள் பார்வையாளர்கள்