டவுன்ஹால்ல லேயர் குறைக்கப் போறோம்னு சொன்ன பெரியவங்களுக்கு ஒரு மேனேஜரோட மடல்

வணக்கம். நான் ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐடி கம்பெனில டெலிவரி மேனேஜர். கம்பெனி பேரு வேணாம், இந்த ரோட்ல எந்த பில்டிங்க காட்டினாலும் கதை ஒண்ணுதான். எனக்குக் கீழ 14 பேரு. எங்கம்மா ஊர்ல இன்னும் "எம்புள்ள ஆபீசரு"னு சொல்லிட்டிருக்காங்க, நானும் திருத்தல.

2024ல அமேசான் மேனேஜர் எண்ணிக்கைய குறைக்கப் போறோம்னு அறிவிச்சுச்சு, டவுன்ஹால்ங்கிற மொத்த கம்பெனி மீட்டிங்ல நீங்க அதையே ஸ்லைடு போட்டு, நடுவுல இருக்கிற மேனேஜருங்களாலதான் முடிவெடுக்க லேட் ஆகுது, அந்த லேயரையே குறைக்கிறோம்னீங்க. சரி, நான் எடுத்த ஒரு முடிவு என்னாச்சுன்னு சொல்றேன்.

டீம்ல ஒரு பொண்ணு, ரிலீஸ் அன்னிக்கு கஸ்டமர் யூஸ் பண்ற லைவ் சிஸ்டம், அதான் ப்ரொடக்‌ஷன் படுத்துருச்சு, விடிய விடிய உக்காந்து தூக்கி நிறுத்துனா. அப்ரைசல் ரேட்டிங்ல 4 போட்டேன். நீங்க பெல் கர்வ் மீட்டிங், அதாவது எத்தன பேருக்கு எந்த ரேட்டிங்னு கோட்டா போட்டுப் பிரிக்கிற மீட்டிங் வச்சு எக்செல் ஷீட்ட ஸ்கிரீன்ல போட்டு, உங்க கிளையண்ட் அக்கவுண்ட்ல 4 கோட்டா முடிஞ்சிருச்சுன்னு சொல்லி, அவ மூஞ்சியவே பாக்காத ஒருத்தர் அத 3ன்னு மாத்திட்டு அடுத்த ரோவுக்குப் போயிட்டாரு. அவகிட்ட சொல்ல வேண்டியது மட்டும் நானு, அதுலயும் பெல் கர்வ்ங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாதுன்னு எச்.ஆர். மெயில். "இன்னும் கொஞ்சம் விசிபிலிட்டி வேணும்"னேன். விடியக்காலைல 4 மணிக்கு யார் கண்ணுக்குத் தெரியறதுன்னு அவ கேக்கல, சரிங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டா. ரெண்டு மாசத்துல பேப்பர் போட்டா. ஏன் ரீடெய்ன் பண்ணலன்னு என்கிட்டயே கேட்டீங்க பாருங்க, அதுதான்.

பவரே இல்லன்னு அழ வரல. இருக்கு. தீபாவளிக்கு முந்தின நாள் லீவ ரிஜெக்ட் பண்ண ஒரு கிளிக் போதும், நைட் ஷிப்ட்ல போட்டே ஒருத்தன் வாழ்க்கைய கெடுக்கலாம், எங்கள்ல அதப் பண்றவனும் இருக்கான். நல்லது பண்ணணும்னாதான் மூணு அப்ரூவல்.

இந்த மேனேஜர் பட்டத்துக்கு சட்டத்துல வேற ஒரு வில இருக்கு. 1947 தொழில் தகராறு சட்டத்துலயும் சரி, அதுக்குப் பதிலா வந்த 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புலயும் சரி, நிர்வாக வேல பாக்கிறவன் தொழிலாளி கணக்குல வரமாட்டான். வீட்டுக்கு அனுப்பும்போது நீதான் மேனேஜராச்சேன்னு கைய விரிச்சிடலாம். ஆனா பதவி பேர பாக்காதீங்க, செய்யிற வேலய பாருங்கன்னு சுப்ரீம் கோர்ட் பல தடவ சொல்லியிருக்கு. எங்க வேலய அங்க வச்சுப் பாத்தா உங்களுக்குத்தான் சங்கடம்.

கூகுள் 2002 வாக்குல மேனேஜரே வேணாம்னு தூக்கிப் பாத்துச்சு. எக்ஸ்பென்ஸ் பில்லு, ஆளுக்காள் சண்ட எல்லாம் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான லாரி பேஜ்கிட்டயே நேரா போக, சில மாசத்துலயே பழையபடி கொண்டு வந்துட்டாங்க.

குறைக்கிறதுன்னா குறைச்சுக்கங்க. வச்சுக்கறதா இருந்தா, நான் போட்ட ரேட்டிங்க மாத்தறவரு, அத டீம் ஆளுகிட்ட சொல்ற ரூமுக்கு என்கூட வந்து அவரு வாயாலயே சொல்லட்டும். அப்புறம் ரிலீஸ் அன்னிக்கு பசங்களுக்கு வாங்குன பிரியாணி பில்லு 3,860 ரூபா, இன்னும் பெண்டிங்லதான் இருக்கு, நாலாவது தடவயா அட்டாச் பண்ணியிருக்கேன்.