சாயல் தவறியது யாரால்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் கிராமமொன்றில், கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஒருவருக்குத் திருவுருவச்சிலை திறந்துவைத்த செய்தி வந்திருந்தது. பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி, தலைவர், செயலாளர், நாடா வெட்டியவர், கத்தரிக்கோல் தட்டை ஏந்தி நின்றவர் ஈறாக எல்லோர் பெயரும் படத்தின் கீழே இடமிருந்து வலமாக இருந்தன. கடைசி வரியில் தங்கள் நிருபர், 'உள்ளூர்க் கைவேலை என்பதால் சாயல் சற்றுத் தவறியுள்ளது' என்று எழுதியிருக்கிறார். அந்த உள்ளூர்க் கை என்னுடையது.

நிருபர் அண்ணாவியாரை உயிருடன் பார்த்திருப்பாரோ தெரியாது. அவருக்கென்று இருந்த ஒரே படம் தேசிய அடையாள அட்டையில் இருந்ததுதான். அதையும் சிலைக் குழுவினர் தொலைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். முத்திரை அளவு முகம், அதன் மேல் பிளாஸ்ரிக் உறையின் மினுக்கம், ஒரு கண் தெரியவில்லை. பக்கவாட்டு முகத்துக்கு நான் எங்கே போவது? எங்கள் அமிர்தகழியில் பிறந்த சினிமா ஒளிப்பதிவாளர் பாலுமகேந்திரா போன்றவர்கள் என்றால் படத்துக்குப் பஞ்சமில்லை. (இயற்கை வெளிச்சத்திலேயே படம்பிடித்துப் பேரெடுத்த மனிதரைத் தங்கப் பெயின்ற் அடித்து வெயிலில் நிறுத்த யாராவது கேட்டால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். அது வேறு கதை.) கூத்துக்காரனை யார் படம் பிடித்தார்கள்?

அண்ணாவியாரின் வீட்டுத் திண்ணையில் குந்தியிருந்து களிமண்ணில் முகத்தைப் பிடித்து அவருடைய மனைவிக்குக் காட்டினேன். அந்த ஆச்சி பெருவிரலாலே மூக்கை அமத்தி, "இவ்வளவு கூர் இல்ல மனே. மத்தளத்தக் கட்டினா கீழ்ச்சொண்டக் கடிச்சுக்கிட்டுத்தான் நிப்பாரு" என்றா. கடித்த சொண்டை அப்படியே வைத்தேன். ஆச்சி பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போயிற்றா. குழுத் தலைவர் வந்தார். "என்ன அண்ணன், கோவக்காரர் மாதிரி இருக்கார், சிரிக்க வைங்க" என்றார். நிறத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொன்னார். வயலிலும் கூத்தாடும் களரியிலும் கறுத்த மனிசன் அவர். காசு கொடுப்பவர்கள் சொன்னபடி சிரிக்கவைத்தேன், வெளுப்பாக்கினேன். இப்போது சாயல் தவறிவிட்டதாம்.

அதற்கு மேல் திகதி. சீமெந்து பலம் பிடிக்க 28 நாள் வேண்டும் என்பது எந்த மேசனுக்கும் தெரியும். பிரதம அதிதிக்கு வேறு நாள் ஒத்துவரவில்லையாம், அதனால் ஈரம் காயமுன்னமே பெயின்ற் அடிக்கவேண்டி வந்தது. ஈரத்தின் மேல் அடித்த பெயின்ற் கொப்பளித்து உரியும். மாரி வரட்டும், 'தரக்குறைவு' என்று தங்கள் நிருபருக்கு இன்னொரு செய்தி கிடைக்கும். வாவிக்கு இந்தப் பக்கம், கடலோரமான எழுவான்கரையில் செய்த சிலைகளின் பாடு இன்னும் மோசம். கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு 'மணல்தானே' என்பார்கள். உப்புப் பட்ட கம்பி துருப்பிடித்து ஊதும், சீமெந்து வெடிக்கும். முதலில் விரல்கள் போகும், பிறகு மூக்குக்கண்ணாடி. மாலை போடுகிறவர்கள் காய்ந்த பூவைத்தான் பிய்த்தெறிவார்கள், கட்டிய கம்பி கழுத்திலேயே கிடந்து துருவை மார்பில் ஒழுகவிடும்.

சாயல் தவறுவது மட்டக்களப்பான் வியாதி அல்ல ஐயா. ரொனால்டோ பிறந்த மதீராத் தீவின் விமான நிலையத்தில் 2017 இல் வைத்த மார்பளவுச் சிலையைப் பார்த்து உலகமே சிரித்தது, அடுத்த வருடமே மாற்றினார்கள். அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் போல் சிறுவயதில் வாழ்ந்த செலரோன் என்ற ஊரில் 2009 இல் வைத்த வெண்கலச் சிலைக்குச் சனங்கள் 'பயங்கர லூசி' என்றே பேர்வைத்தார்கள், 2016 இல் வேறொன்று வந்தது. ஆனால் அங்கே திட்டும்போதாவது சிற்பியின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். மதீராச் சிற்பியின் பெயர் இமானுவேல் சந்தோஸ் என்பது எனக்கே தெரிகிறது. படுவான்கரைச் சிலையைச் செய்தவன் யார் என்று தங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது இன்று நேற்றையதல்ல. 2012 ஏப்ரலில் மட்டக்களப்பு நகரத்தில் காந்தி, பேடன் பவல், விபுலாநந்த அடிகள், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை ஆகியோரின் சிலைகளை உடைத்தார்களே, தாங்கள் அறியாததல்ல. கண்டன அறிக்கைகள் பக்கம் பக்கமாக வந்தன. அந்தச் சிலைகளைச் செய்த கைகள் யாருடையவை என்று நான் வாசித்த எந்தச் செய்தியிலும் ஒரு வரி இல்லை. விபுலாநந்த அடிகளின் நினைவு நாளான ஜூலை 19 வந்தால், அவர் பிறந்த காரைதீவு விபுலாநந்த சதுக்கத்தில் மாலையோடு முண்டியடிப்பவர்களின் பெயர்களுக்கு மட்டும் எந்தப் பத்திரிகையிலும் இடத்தட்டுப்பாடு வருவதில்லை.

அண்ணாவியார் உயிரோடிருந்தபோது கலைஞர் உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்தார். கலைஞர் என்பதற்குச் சான்றிதழ் கொண்டுவா என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஊரிலே பாதிப்பேருக்கு வடமோடிக் கூத்தாட்டம் பழக்கியவர் எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவார்? அவர் கைப்பட எழுதிய கூத்துக் கொப்பிகளை ஆச்சி தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினா. ஓரமெல்லாம் கறையான். சில பக்கங்களில் விருத்தத்தின் முதல் அடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இவற்றைப் போட்டோக்கொப்பியாவது எடுத்துவைப்போம் என்று குழுவிடம் கேட்டேன். நிதி இல்லையாம். மார்பிள் கல்வெட்டுக்கு நிதி இருந்தது. அதில் அண்ணாவியாரின் பெயரைவிடப் பிரதம அதிதியின் பெயர் பெரிது.

எனக்கு வரவேண்டிய மீதிக் காசைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. 'கணக்கு முடியட்டும் அண்ணன்' என்கிறார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இனிமேல் சிலைத் திறப்புப் படம் போடும்போது, சிலையைச் செய்தவர் யார் என்று நிருபர் ஒரு வார்த்தை கேட்டு அதையும் ஒரு வரியில் போடட்டும். சாயல் தவறியிருந்தால் அதையும் அந்த வரியிலேயே தாராளமாக எழுதுங்கள். இடம் போதாவிட்டால் கத்தரிக்கோல் தட்டை ஏந்தியவரை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
சீமெந்துச் சிலை வேலைக்காரன் ஒருவன்,
களுதாவளை.