சிகரெட்டை அணைத்திருந்தால்

சத்துவாச்சாரி,
வேலூர் – 9

அன்புள்ள ரஹீம்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. நாலு பக்கமும் ஒரே மூச்சில் படித்தேன், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருப்பதில் நிம்மதி. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும், பார்த்துக்கொள். பேரன் உன்னை “தாத்தா” என்று தமிழில் கூப்பிடுகிறான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

இங்கே எல்லோரும் சுகம். பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது. விரிஞ்சிபுரம் பக்கம் போய்க் கரையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஓடியது போல இல்லை, ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தான். கோர்ட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும் போகிறேன். கண் புரை முற்றிவிட்டது, தை பிறந்ததும் ஆபரேஷன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் காரில் அழைத்துப்போய், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்கு வடமேற்கே பிரெய்ரி வியூ என்கிற ஊரில், சாண்ட்ரா பிளாண்ட் என்ற பெண்ணைப் போலீஸ் மடக்கிய ரோட்டைக் காட்டினான் என்றும், திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்கும் உனக்கும் வாக்குவாதம் என்றும் எழுதியிருந்தாய். “அந்தப் பொண்ணு சிகரெட்டை அணைச்சுட்டு, சரிங்க சார்னு சொல்லியிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருக்கும், நீ என்ன சொல்றே?” என்று என்னைக் கேட்டிருந்தாய். முப்பத்தஞ்சு வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக ஜாமீன் பேப்பர் தூக்கிக்கொண்டு அலைந்தவன் என்பதால் கேட்டிருக்கிறாய். எனக்கு இதில் உன் மகன் பக்கம்தான் ரஹீம். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

நடந்ததை முதலில் வரிசையாக வைத்துப் பார். 2015 ஜூலை 10, வெள்ளிக்கிழமை. 28 வயசுப் பெண். தான் படித்த அதே பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து, இல்லினாயிலிருந்து டெக்சாஸ் வந்திருக்கிறாள். பின்னால் வேகமாக வந்த போலீஸ் காருக்கு வழிவிட ஒதுங்குகிறாள், ஒதுங்கும்போது இண்டிகேட்டர் போடவில்லை. அதற்காக நிறுத்துகிறார்கள். அந்த அதிகாரி எழுதிக்கொண்டு வந்தது அபராதச் சீட்டுகூட இல்லை, வெறும் எச்சரிக்கைச் சீட்டு. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தால் அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும். “எரிச்சலா இருக்கீங்க போல” என்று அவரே பேச்சுக் கொடுக்கிறார். அவள் மனசில் இருந்ததைச் சொல்கிறாள். சிகரெட்டை அணைக்கச் சொல்கிறார். என் காரில்தானே இருக்கிறேன், எதற்கு அணைக்க வேண்டும் என்று கேட்கிறாள். அங்கிருந்துதான் எல்லாம் மாறுகிறது. காரைவிட்டு இறங்கு என்கிறார், மின்சாரம் பாய்ச்சுகிற டேசர் துப்பாக்கியை நீட்டி மிரட்டுகிறார், கடைசியில் அவள் கையில் விலங்கு. இவ்வளவும் போலீஸ் காரின் கேமராவில் பதிவாகி உலகமே பார்த்தது. அவளே தன் போனில் 39 விநாடி எடுத்திருந்தாள், அது 2019-இல்தான் வெளியே வந்தது.

போட்ட கேஸ் என்ன தெரியுமா? அரசு ஊழியரைத் தாக்கினாள் என்று. இதைப் படித்ததும் எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. நம்ம ஊர் ஸ்டேஷன்களில் 294(பி), 353, 506(2) என்று மூன்று செக்‌ஷனை ஒன்றாகச் சேர்த்துப் போடுவார்கள். அசிங்கமாகப் பேசினான், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தான், கொலை மிரட்டல் விட்டான். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் நம்பர் மாறி 296(பி), 132, 351(3) ஆகியிருக்கிறது, மற்றபடி எல்லாம் பழையதுதான். அந்த 353 விழுந்தால் ஸ்டேஷன் பெயில் கிடையாது, ரிமாண்ட்தான். எத்தனை எஃப்.ஐ.ஆர். இந்தக் கையால் நகல் வாங்கியிருக்கிறேன், பாதிக்கு மேல் ஆரம்பம் வாய்ப்பேச்சுதான்.

அவளுக்கு ஜாமீன் 5,000 டாலர். பத்தில் ஒரு பங்கு, ஐந்நூறு டாலர் சொச்சம் கட்டினால் வெளியே வரலாம். சனி, ஞாயிறு போய்விட்டது. லேன் மாறும்போது இண்டிகேட்டர் போடாதது எப்படி இவ்வளவு பெரிதாக ஆனது என்று ஒரு சிநேகிதருக்குப் போனில் சொல்லி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை, 13-ஆம் தேதி, ஜெயிலில் இறந்து கிடந்தாள். தற்கொலை என்று மருத்துவ அறிக்கை சொன்னது, குடும்பம் நம்பவில்லை. அதுபற்றித்தான் ஊரே வாதாடியது, நீயும் உன் மகனும் வாதாடியதில் பாதியும் அதுதான். நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை. அறிக்கை சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாலும், உள்ளே போகும்போது அவள் தான் முன்பு ஒருமுறை உயிரை விட முயன்றதாகச் சொல்லி, அவர்களே ஃபாரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒருத்தரை மணிக்கு ஒருதரமாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்று அந்த மாநிலத்துச் சிறைக் கண்காணிப்பு அமைப்பே குறை சொன்னது.

நம்ம கோர்ட்டில் ஒரு நடைமுறை உண்டு. ஸ்டேஷனில் ஒரு பைக்கைப் பிடித்தால் படிவம் 95 போட்டு ஒப்படைக்க வேண்டும். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், டேங்கில் கீறல், இடது பக்கக் கண்ணாடி இல்லை, எல்லாம் எழுதுவார்கள். குறைந்தால் யார் பதில் சொல்வது என்று அந்தக் காகிதத்தில் இருக்கும். மனுஷனைப் பிடித்தால் அதைவிடக் கூடுதலாக எழுத வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. கைது மெமோ, அதில் வீட்டுக்காரரோ ஊர்க்காரரோ ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து, உடம்பில் உள்ள காயக் குறிப்பு, 48 மணி நேரத்துக்கு ஒருதரம் டாக்டர் பரிசோதனை. மெமோ கேஸ் கட்டில் இருக்கும், ரஹீம். சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று போய் விசாரித்தால் ஸ்டேஷனுக்கு எதிரில் டீக்கடை வைத்திருப்பவர்.

இனி என் வீட்டு விஷயம். உனக்கு நான் சொல்லவே இல்லை, வெட்கமாக இருந்தது.

என் அக்கா பையன், நோன்புக் கஞ்சிக்காக உன் வீட்டுக்குத் தூக்குச் சட்டி எடுத்துக்கொண்டு ஓடிவருவானே, அவன்தான். ஆறு வருஷம் இருக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் வேலை முடித்துத் திரும்பும்போது வெஹிக்கிள் செக்கிங்கில் நிறுத்தியிருக்கிறார்கள். ஹெல்மெட் இருந்தது. லைசென்ஸ் பைக்குள் இருந்தது, எடுப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் வண்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டார். “சாவியை ஏன் சார் எடுக்கறீங்க?” என்று கேட்டிருக்கிறான். கேட்டது அவ்வளவுதான். எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதவில்லை, நேரில் வரும்போது சொல்கிறேன்.

எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி எட்டரை. வாசலில் வேப்பமரத்தடியில் பிடித்துவைத்த வண்டிகள் துரு ஏறி நிற்கின்றன. உள்ளே ரைட்டர் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். சட்டையும் பெல்ட்டும் கழற்றியாகிவிட்டது. இடது கன்னத்தில் நாலு விரல் பதிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், “உட்காருடா” என்று ஒரு குரல், உட்கார்ந்துவிட்டான். மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் அந்த மூன்று நம்பரையும் எழுதி வைத்திருந்தார்கள். 353-க்குக் கீழே ஒரு கோடு. கோர்ட்டில் என்னைப் பார்த்துப் பழகிய ஒரு வயசான ஏட்டு அன்றைக்கு டூட்டியில் இருந்தார். அவர் எஸ்.ஐ.யிடம் இரண்டு முறை போய்ப் பேசினார். பன்னிரண்டே முக்காலுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்த ஏட்டு மட்டும் லீவில் இருந்திருந்தால் விடியும்போது அவன் ரிமாண்டில் இருந்திருப்பான்.

வழியில் என் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவனிடம் நான் என்ன கேட்டேன் தெரியுமா? “நீ ஏண்டா வாயைக் கொடுத்தே?” வீட்டுக்குப் போனதும் அக்காவும் அதையேதான் கேட்டாள். அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தட்டில் வைத்த சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டான். நீ கேட்டிருக்கிற கேள்வியும் அதுதான் ரஹீம். அன்றைக்கு அதை நான் கேட்டிருக்கவே கூடாது. சாவியைப் பிடுங்க அவருக்கு என்ன அதிகாரம் என்று நான் அந்த ஸ்டேஷனில் கேட்டிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 202-ஆம் பிரிவில் ரோட்டிலேயே கைது செய்யலாம் என்றிருப்பது தாறுமாறாக ஓட்டியவனை, குடித்துவிட்டு ஓட்டியவனை, அடுத்தவன் வண்டியை எடுத்து ஓட்டியவனை. எதிர்த்துக் கேள்வி கேட்டவனை அல்ல. சட்டம் தெரிந்த நான் கைகட்டி நின்றுவிட்டு, அடி வாங்கிய பையனைக் கேட்டேன்.

ரிமாண்ட் என்றாலும் என்ன பாதுகாப்பு என்று நினைக்கிறாய்? மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் ராத்திரி பதினொரு மணிக்கு நின்று நூறு தடவை பார்த்திருப்பேன். “போலீஸ் அடிச்சாங்களா?” என்று ஐயா கேட்பார். பிடிபட்டவன் பக்கத்தில் நிற்கிற போலீஸ்காரர் முகத்தைப் பார்ப்பான். “இல்லைங்க.” சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் மாஜிஸ்திரேட் மாடியில் நின்றபடி பார்த்துவிட்டு அனுப்பினார் என்றுதானே புகார் எழுந்தது? ஊரடங்கில் கடை அடைக்கிற நேரத்தில் வந்த வாய்த்தகராறு, நாலு நாளில் அப்பாவும் மகனும் இல்லை. 2022 ஏப்ரலில் சென்னை கெல்லீஸ் பக்கம் ஆட்டோவில் போன விக்னேஷை வாகனச் சோதனையில் பிடித்தார்கள், மறுநாள் செத்துவிட்டான். முதலில் வலிப்பு என்றார்கள், பிரேதப் பரிசோதனையில் உடம்பில் 13 காயம்.

நம்ம மாவட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். சாண்ட்ரா பிளாண்ட் சாவுக்குப் பதினேழு நாள் முன்னால்தான் ஷமீல் அகமது இறந்தான், 2015 ஜூன் 26. 26 வயசு. காணாமல் போன ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கப் பள்ளிகொண்டா போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அடித்தார்கள் என்று குடும்பம் சொன்னது. சென்னை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. மறுநாள் ராத்திரி ஆம்பூரே பற்றி எரிந்தது. நீ அப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்தாய். போனில் உன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. “பைபாஸ் பூரா வண்டி எரியுது, புள்ளைங்களை உள்ள போட்டுப் பூட்டியிருக்கேன்” என்றாய். கல் எறிந்ததையும் தீ வைத்ததையும், போலீஸ்காரர்கள் பெண் போலீஸ் உட்பட அடிபட்டதையும் ரெண்டு பேருமே அன்றும் சரி என்று சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டோம். ஆனால் அப்போது நீ ஷமீலைப் பற்றி “அவன் பணிவா பதில் சொல்லியிருக்கலாம்ல” என்று கேட்கவில்லை. அவன் நம்ம ஊர்ப் பையன், முகம் தெரிந்தவன். டெக்சாஸ் பெண்ணுக்கும் அந்த நியாயத்தைக் கொடு என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. “பாத்ரூமில் வழுக்கி விழுந்தான்” என்று கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு போட்டோ வருகிறதே, அதை நம்ம கூட்டாளிகள் குரூப்பில் சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்புகிறார்கள். அவன் ரவுடியாகவே இருக்கட்டும். அந்த பாத்ரூமுக்கு நாளைக்கு யார் போவான் என்று யாராவது யோசிக்கிறார்களா? 2025 ஜூனில் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தபோது அதே குரூப்பில் கண்ணீர் அஞ்சலி போட்டார்கள். அவன் ரவுடி இல்லையாம், அதனால். எனக்குப் பேசப் பிடிக்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

கடைசியில் அங்கே என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். கேஸ் போடலாமா என்று முடிவு செய்கிற கிராண்ட் ஜூரி என்ற பொதுமக்கள் குழு, ஜெயில் ஆட்கள் மேல் குற்றம் சாட்டவில்லை. அந்த அதிகாரி, அவளைக் காரைவிட்டு இறக்கிய காரணத்தைப் பொய்யாக எழுதினார் என்று மட்டும் ஒரு கேஸ். இனி போலீஸ் வேலைக்கே போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததும் 2017-இல் அதையும் கைவிட்டார்கள். குடும்பத்துக்கு 19 லட்சம் டாலர் நஷ்டஈடு. 2017-இலேயே அவள் பேரில் டெக்சாஸில் சட்டம் வந்தது. மனநிலை சரியில்லாதவர்களை ஜெயிலில் எப்படிக் கவனிப்பது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் அபராதம் மட்டுமே உள்ள குற்றத்துக்குக் கைது செய்யக்கூடாது என்று முதலில் எழுதியிருந்த பகுதியை எடுத்துவிட்டார்கள். சீட் பெல்ட் போடாத பெண்ணைக் கைது செய்தது செல்லும் என்று 2001-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அஞ்சுக்கு நாலில் சொன்னது, அதுவும் டெக்சாஸ் கேஸ்தான். ஆக, அவளை எந்தக் கதவு வழியாக உள்ளே தள்ளினார்களோ அந்தக் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது. உன் மகன் கோபப்படுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். அவனும் தினமும் அந்த ஊர் ரோட்டில் கார் ஓட்டுகிறவன்தானே.

அக்கா பையனுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. அதே கம்பெனியில்தான் இருக்கிறான். அந்தச் செக்கிங் போடுகிற ரோட்டில் மட்டும் அவன் வருவதில்லை, ஆறு கிலோமீட்டர் சுற்றி வீட்டுக்கு வருகிறான். அக்கா ஏன் லேட் என்று கேட்டால் பஞ்சர் என்கிறான்.

நீங்கள் மாசியில் வருவது உறுதி என்றால் முன்கூட்டியே எழுது. இலவம்பாடி கத்தரிக்காய் சொல்லி வைக்கிறேன், தங்கச்சி கையால் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆகிறது. உன் மகனிடம் நான் கேட்டதாகச் சொல். அவனோடு நானே பேச வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நம்ம நேரம் சாயங்காலம் கூப்பிடச் சொல்.

என்றும் உன்,
சண்முகம்