ஆசியக் கிண்ணம்: முதலில் புல்லைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியா போன்ற சிறிய நாட்டால் பெரிய காற்பந்துப் போட்டியை ஏற்று நடத்த முடியுமா என்று தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பரப்பளவையும் மக்கள் தொகையையும் காட்டி 'முடியாது' என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். முடிவில் எனக்குப் பாதி உடன்பாடு. காரணத்தில் துளியும் இல்லை.

1930இல் முதல் உலகக் கிண்ணத்தை நடத்திய உருகுவேயில் அன்று இருபது லட்சம் பேர்கூட இல்லை. 13 அணிகள், 18 ஆட்டங்கள், எல்லாமே மொண்டேவிடியோவில். மழையால் சென்டனாரியோ அரங்கம் குறித்த நாளில் தயாராகாமல், முதல் சில நாள் ஆட்டங்களை வேறு இரண்டு திடல்களில் நடத்திச் சமாளித்தார்கள். 2022இல் நடத்திய கத்தாரின் பரப்பு ஏறக்குறைய 11,500 சதுர கிலோமீட்டர், அதாவது நம் பகாங் மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. மொரோக்கோ எபோலா அச்சத்தால் பின்வாங்கியதும், இரண்டே மாதத்தில் 2015 ஆப்பிரிக்கக் கிண்ணத்தை நான்கு ஊர்களில் நடத்தியது எக்குவடோரியல் கினி. ஆக, நாட்டின் அளவைப் பேசிப் பயனில்லை. எத்தனை ஆட்டம், எத்தனை திடல், எத்தனை நாள் என்று கணக்குப் போட வேண்டும்.

உலகக் கிண்ணத்தை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். 2026 முதல் 48 அணிகள், 104 ஆட்டங்கள். ஒவ்வொன்றும் 40,000 இருக்கைக்குக் குறையாத பத்துப் பதினைந்து அரங்கங்கள் வேண்டும். அது நமக்கு ஆகாது.

ஆசியக் கிண்ணம் வேறு கதை. 24 அணிகள், 51 ஆட்டங்கள், ஏறக்குறைய நான்கு வாரம். 2019இல் ஐக்கிய அரபு சிற்றரசுகள் எட்டு அரங்கங்களில் நடத்தியது. அவற்றில் பல, 20,000 பேரைக்கூடக் கொள்ளாதவை. நாமும் 2007இல் இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாமோடு சேர்ந்து அந்தக் கிண்ணத்தை நடத்தினோம். (சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5 என்று தோற்றது வேறு விஷயம், விருந்தோம்பலில் குறை வைக்கவில்லை!) அன்று நம் பங்குக்கு இரண்டே அரங்கங்கள்: கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில், சிலாங்கூரின் ஷா ஆலாம். ஷா ஆலாம் இன்று இடிபட்டுவிட்டது. அந்த இடத்தில் வரப்போகும் புதிய அரங்கம் பழையதில் ஏறக்குறைய பாதி அளவுதான். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இருக்கைகளுக்குப் பஞ்சமில்லை. புக்கிட் ஜாலில், ஜொகூரின் சுல்தான் இப்ராஹிம், பினாங்கின் பத்து காவான், அலோர் ஸ்டார், கூச்சிங், கோத்தா கினாபாலு என்று ஆறு அரங்கங்கள் கைவசம் உண்டு. கோல திரங்கானுவில் 50,000 இருக்கை இருக்கிறது. ஆனால் 2008இல் திறந்த அந்த அரங்கத்தின் கூரையில் ஒரு பகுதி மறு ஆண்டே விழுந்ததை மறக்க முடியாது. தவிர, ஆசியக் கிண்ணம் அண்மைக் காலமாக ஜனவரியில் வருகிறது. கிழக்குக் கரைக்கு அது வெள்ளக் காலம். பினாங்கு, கெடாவுக்கோ ஆண்டிலேயே காய்ந்த மாதங்கள் அவை.

சிக்கல் தரையில் இருக்கிறது. 51 ஆட்டத்தை ஆறு திடலில் பிரித்தால் ஒரு திடலுக்கு எட்டு, ஒன்பது. அதிலும் பெரும்பங்கு முதல் இரண்டு வாரத்திலேயே விழும், அதாவது இரண்டு, மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம். நம் ஊராட்சித் திடல்களின் அகன்ற இலை கௌ கிராஸ் மழைக்கும் நிழலுக்கும் தாங்கும். ஆனால் பந்தை மெதுவாக்கும், ஆணிக்காலணி மிதித்தால் கட்டிகட்டியாகப் பெயரும். அதனால்தான் புக்கிட் ஜாலிலில் ஜியோன் சோய்சியா போட்டார்கள். அது மிதியைத் தாங்கும் புல்தான். ஆனால் மெதுவாக வளர்வது, ஒருமுறை கிழிந்தால் மூடி வர வாரக்கணக்கில் ஆகும். இசை நிகழ்ச்சிக்காக மேலே பலகை பரப்பி மூன்று, நான்கு நாள் விட்டால் வெளிச்சமும் காற்றும் போய்ப் புல் மஞ்சளாகிவிடும். கனரக லாரியும் ஏறினால் அடி மணல் இறுகிவிடும். போட்டிக்கு முன் குறைந்தது இரண்டு மாதம் நிகழ்ச்சிக்கு வாடகை விடாமல் இருக்க நிர்வாகம் ஒப்புமா? வாடகை வருமானத்தை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்?

புல்லைவிட அதன் அடித்தளம் முக்கியம். ஓரங்களையும் சேர்த்து 120க்கு 80 மீட்டர் என்று வைத்தால் 9,600 சதுர மீட்டர். அடியில் துளையிட்ட வடிகால் குழாய்கள், மேலே 10 சென்டிமீட்டர் சரளை, அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் மணல். மணல் மட்டும் 2,880 கன மீட்டர். பத்துக் கன மீட்டர் லாரிக்கு ஏறக்குறைய 290 நடை. மணல் துகளின் அளவு பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும். அதைவிடப் பொடியாக வண்டல் கலந்தால் இடைவெளிகள் அடைபட்டு நீர் இறங்காது. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. மணல் படுகையை ஒழுங்காகப் போட்டுவிட்டு, களிமண் நிலத்தில் வளர்த்த புல் பாளங்களை வெட்டி வந்து ஒட்டுவார்கள். பாளத்தோடு வந்த களிமண் மேலே மெல்லிய தகடாகப் படிந்து, மழைநீரை அங்கேயே நிறுத்திவிடும். கீழே லட்சக்கணக்கில் செலவு செய்த வடிகால் காய்ந்து கிடக்க, மேலே சேறு. பாளம் மணலில் வளர்ந்ததாக இருக்க வேண்டும், அல்லது வேரை அலசி மண் நீக்கியதாக இருக்க வேண்டும்.

பணம் மட்டும் இதைத் தீர்க்காது என்பதற்கு அண்டை வீடே சாட்சி. சிங்கப்பூரின் புதிய தேசிய அரங்கம் 2014இல் திறந்தபோது, குவிமாடக் கூரையின் நிழலில் புல் பிடிக்காமல், பிரேசிலும் ஜப்பானும் மணல் தெரியும் தரையில் ஆடின. வளர்ப்பு விளக்கு வைத்தும் வேறு வகைத் தரைக்கு மாறியும்தான் சரிசெய்தார்கள்.

அடுத்து, மக்களை வீட்டுக்கு அனுப்புவது. புக்கிட் ஜாலிலில் 80,000 பேரில் பாதிப்பேர் எல்ஆர்டியை நம்புகிறார்கள், ஒரு ரயிலில் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். 40 ரயில்கள், மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டாலும் எல்லாரும் நகரப் பக்கமே போனால் இரண்டு மணி நேரம். மாலை ஆட்டம் வைத்தால் கிள்ளான் பள்ளத்தாக்கின் இடிமழை குறுக்கிடும். மின்னல் வந்தால் கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருப்பதே பாதுகாப்பு. இரவு ஆட்டம் என்றால் கடைசி ரயில் நேரத்தை நீட்ட வேண்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு இரவு முழுக்க கேடிஎம் ரயில் விடத் தெரிந்த நாட்டுக்கு இது புதிதல்ல.

பத்து காவானுக்கு அந்த வசதியும் இல்லை. இரண்டாம் பாலமும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் பக்கத்தில் இருக்கின்றன. அரங்க வாசலில் ரயில் இல்லை. 40,000 பேரில் பாதியைப் பேருந்தில் ஏற்றினால், பேருந்துக்கு 40 பேர் வீதம் 500 நடை. பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரலுக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் என்றால், இரண்டு மணி நேரத்தில் முடிக்க 250 பேருந்துகள். அதே வாரம் தைப்பூசமோ சீனப் புத்தாண்டோ வந்தால் பேருந்தும் கிடைக்காது, தீவில் அறையும் கிடைக்காது. அணிகளுக்கு மட்டுமே, ஓர் அணிக்கு ஐம்பது பேர் வீதம் 1,200 படுக்கைகள் வேண்டும், ஒவ்வோர் அணிக்கும் தனிப் பயிற்சித் திடலும் வேண்டும். அட்டவணை போடும்போதே நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கூச்சிங்கில் ஆடும் பிரிவை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சரவாக்கில் குடிநுழைவுச் சோதனை தனி, அணிகளை இங்கும் அங்கும் பறக்கவிட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

கட்டுரையாளர் தொடாத ஒன்றும் உண்டு: அரசாங்கத்தின் எழுத்து உத்தரவாதம். தகுதி பெற்ற எந்த நாட்டு வீரரையும் உள்ளே விடுவோம் என்று கையெழுத்திடாமல் எந்தப் பெரிய போட்டியும் கிடைக்காது. இஸ்ரேலிய வீரர்களுக்கு விசா மறுத்ததால் 2019இல் கூச்சிங்கில் நடக்கவிருந்த உலக பாரா நீச்சல் போட்டியை இழந்தோம். 2023இல் இஸ்ரேல் பங்கேற்பின் மீது எழுந்த எதிர்ப்பால் இந்தோனேசியா 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை இழந்தது. அந்த நிலைப்பாடு சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆசியக் கிண்ணத்தில் இஸ்ரேல் ஆடுவதில்லை என்பதால் இந்தத் தடை அங்கே எழாது. நாம் எதற்குக் குறி வைக்கலாம் என்பதை அதுவும் சொல்கிறது.

புதிய அரங்கம் ஒன்றுகூட வேண்டாம் என்பதே என் கருத்து. 2004 ஐரோப்பியக் கிண்ணத்துக்காகப் போர்த்துகல் பத்து அரங்கங்களைத் தயார்படுத்தியது. அவற்றுள் லெய்ரியாவில் உள்ளதை நகரமன்றம் விற்கவே முயன்றது. புதிய அரங்கத்துக்கு ஆகும் பணத்தில் ஆறு திடலின் தரையையும் முப்பது பயிற்சித் திடலையும் சீர்செய்யலாம். அவற்றில் நம் பள்ளிப் பிள்ளைகள் மறுநாளும் ஆடலாம்.

விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் அடைமழை வரும்போது, ஒரு நாள் கைக்கடிகாரத்தோடு பத்து காவானுக்குப் போங்கள். மழை விட்டு எத்தனை நிமிடத்தில் பந்து தண்ணீரில் நிற்காமல் உருளுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகர்